பட்ஜெட் பற்றாக்குறை: எந்தக் கடனுக்குப் பயப்பட வேண்டும்?

பிப்ரவரியில் மத்திய பட்ஜெட் வந்ததும் ஒரு எண் எல்லோர் வாயிலும் அடிபடும். அதுதான் நிதிப் பற்றாக்குறை. 2025-26 பட்ஜெட்டில் அது 15.69 லட்சம் கோடி ரூபாய். அன்று மாலை டிவி விவாதத்தில் ஒருவர் ‘நாடு கடனில் மூழ்குகிறது’ என்பார். எதிரில் இருப்பவர் ‘அரசாங்கத்துக்கு என்ன, நோட்டு அடித்துக்கொள்ளும்’ என்பார். முதலாமவர் பேச்சை நம்பினால் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒதுக்கும் பணத்தில் கைவைக்கத் தோன்றும். இரண்டாமவர் பேச்சை நம்பினால் அரிசி, பருப்பு விலையில் நாம்தான் அனுபவிப்போம். இரண்டு பேச்சுக்கும் பாதிக்கப்படுவது கையில் காசு குறைவாக உள்ளவர்களே. அதனால் இந்த விஷயத்தை அடியிலிருந்து புரிந்துகொள்வது நல்லது. பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

பற்றாக்குறை வேறு, கடன் வேறு

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இந்த ஆண்டு வரவு 5 லட்சம், செலவு 6 லட்சம். துண்டு விழுந்த ஒரு லட்சம்தான் இந்த ஆண்டின் பற்றாக்குறை. அதைக் கடன் வாங்கிச் சரிக்கட்டுகிறார்கள். போன ஆண்டுகளில் வாங்கியவையும் சேர்ந்து மொத்தம் 4 லட்சம் பாக்கி நிற்கிறது என்றால், அது கடன். பற்றாக்குறை ஓர் ஆண்டுக் கணக்கு. கடன், இதுவரை வந்த பற்றாக்குறைகள் எல்லாம் சேர்ந்த மூட்டை.

அரசுக்கும் இதே கணக்குதான். 2025-26இல் மத்திய அரசின் திட்டமிட்ட செலவு 50.65 லட்சம் கோடி. வரி உட்பட, கடன் அல்லாத எல்லா வரவும் சேர்த்து 34.96 லட்சம் கோடி. வித்தியாசம் 15.69 லட்சம் கோடி. இதைத்தான் நிதிப் பற்றாக்குறை என்கிறார்கள்.

இந்த எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயன் இல்லை. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு, அதாவது ஓர் ஆண்டில் நாட்டுக்குள் உருவாகும் பொருள்கள், சேவைகள் எல்லாவற்றின் மதிப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். சுருக்கமாக ஜி.டி.பி. பட்ஜெட் மதிப்பீட்டின்படி அது சுமார் 357 லட்சம் கோடி. அதில் 15.69 லட்சம் கோடி என்பது 4.4 சதவீதம். கொரோனா ஆண்டான 2020-21இல் இது 9.2 சதவீதம் வரை போனது.

குடும்பக் கணக்கு எங்கே பொருந்தாது?

குடும்பத்தோடு ஒப்பிடுவது தொடங்குவதற்கு வசதி. ஆனால் பெரும்பாலான குழப்பம் பிறப்பதும் அங்கேதான்.

ஒரு குடும்பம் செலவைக் குறைத்தால் அதன் வருமானம் குறையாது. சினிமாவுக்குப் போகாமல் இருந்தால் சம்பளத்தைப் பிடிக்கமாட்டார்கள். அரசு அப்படி இல்லை. அரசின் செலவு, இன்னொருவரின் வருமானம். சாலைப் பணியை நிறுத்தினால் ஒப்பந்ததாரருக்கு வேலை இல்லை. அவரிடம் ஜல்லி ஏற்றியவருக்கும் கூலி வேலை செய்தவருக்கும் வருமானம் இல்லை. அவர்கள் கடைக்குப் போவது குறையும், வரி வசூலும் குறையும். பற்றாக்குறையைக் குறைக்கப் போய், வருவாயையே குறைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. கிரீஸ் 2010க்குப் பிறகு கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி சம்பளம், ஓய்வூதியம், சுகாதாரம் எல்லாவற்றிலும் கடுமையாக வெட்டியது. பொருளாதாரம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு சுருங்கியது. 2009இல் ஜி.டி.பி.யில் சுமார் 127 சதவீதமாக இருந்த கடன், 2014இல் 175 சதவீதத்தைத் தாண்டியது. நடுவில் கடன் கொடுத்த தனியார் பெரும் தொகையை விட்டுக்கொடுத்தும் இதுதான் நிலை. கீழே உள்ள ஜி.டி.பி. சுருங்கினால், மேலே உள்ள கடனை ஓரளவு வெட்டினாலும் விகிதம் ஏறக்கூடும்.

இன்னொன்று. பல சமயம் பற்றாக்குறை, கஷ்டத்தின் காரணமாக இல்லாமல் அதன் விளைவாக இருக்கும். 2020இல் கடைகள் மூடின, வரி வரவில்லை. அதே நேரத்தில் ரேஷன் அரிசிக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கூடுதல் பணம் தேவைப்பட்டது. யாரும் ஊதாரித்தனம் செய்யாமலே பற்றாக்குறை எகிறியது. அந்த ஆண்டு கணக்கைச் சமன் செய்தே தீருவேன் என்று அரசு பிடிவாதம் பிடித்திருந்தால், ஊர் திரும்பக் காசில்லாமல் நடந்தவர்களின் வேதனை இன்னும் பெரிதாகியிருக்கும்.

குடும்பத்துக்கு ஓய்வுபெறும் வயது உண்டு, அதற்குள் கடனை அடைத்தாக வேண்டும். அரசுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. பழைய கடன் பத்திரம் முதிர்ந்தால் புதிய கடன் பத்திரம் விற்று அடைக்கும்.

யாரிடம் வாங்குகிறார்கள்?

‘கடன்’ என்றதும் பலருக்கு உலக வங்கிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்திய மத்திய அரசின் கடனில் வெளிநாட்டுப் பங்கு மிகக் குறைவு. பெரும்பகுதி ரூபாயில், இந்தியர்களிடம் வாங்கியது. வாங்கும் வழி, அரசுப் பத்திரம். குறிப்பிட்ட வட்டியும் திருப்பித் தரும் தேதியும் எழுதிய கடன் சீட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இவற்றை ரிசர்வ் வங்கி அரசுக்காக ஏலம் விடுகிறது. மத்திய அரசுப் பத்திரங்களின் ஏலம் வழக்கமாக வெள்ளிக்கிழமைகளில் நடக்கும்.

ஒரு பத்திரத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘6.79% ஜி.எஸ். 2034’ என்று ஒன்று உண்டு. ஜி.எஸ். என்றால் அரசுப் பத்திரம். பெயரிலேயே விவரம் இருக்கிறது. இதில் 10,000 ரூபாய் முகமதிப்புக்கு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 679 ரூபாய் வட்டி. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 339 ரூபாய் 50 காசாகப் பிரித்துத் தருவார்கள். 2034 அக்டோபரில் அசல் 10,000 திரும்பி வரும். அவ்வளவுதான் சங்கதி. 2021 நவம்பரிலிருந்து தனிநபர்களும் ரிசர்வ் வங்கியிடம் நேரடியாகக் கணக்குத் தொடங்கி இவற்றை வாங்கலாம்.

நீங்கள் நேரடியாக வாங்காவிட்டாலும், வங்கிக் கணக்கு இருந்தால் ஏற்கெனவே அரசுக்குக் கடன் கொடுத்தவர்தான். வங்கிகள் தங்களிடம் சேரும் டெபாசிட்டுகளில் குறைந்தது 18 சதவீதத்துக்கு ரொக்கம், தங்கம், அரசுப் பத்திரம் போன்றவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது பெரும்பாலும் அரசுப் பத்திரம்தான். எல்.ஐ.சி. பிரீமியத்திலும் பி.எஃப். பணத்திலும் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. அரசு ஏட்டில் கடன் என்று எழுதியிருப்பது, மக்கள் ஏட்டில் சேமிப்பு என்று எழுதியிருக்கிறது.

இதற்காக ‘நம் கடன் நமக்கேதானே, கவலை எதற்கு’ என்று விட்டுவிடவும் முடியாது. வட்டி கட்ட வரி வேண்டும். சோப்பு வாங்கும் கூலித் தொழிலாளியும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அந்த வட்டி போய்ச் சேர்வதோ சேமிப்பு வைத்திருப்பவர்களுக்கு. சேமிப்பே இல்லாதவர் கட்டுவதோடு சரி, அவருக்கு எதுவும் திரும்பி வருவதில்லை. உள்நாட்டுக் கடனின் உண்மையான அநியாயம் என்று நான் நினைப்பது இதைத்தான். டிவி விவாதங்களில் இதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

இதுவரை பார்த்தது: பற்றாக்குறை ஓர் ஆண்டுக் கணக்கு, கடன் சேர்ந்த மூட்டை. இந்தியாவில் அந்த மூட்டையில் பெரும்பகுதி நம் சொந்தச் சேமிப்பு. அரசு திடீரென்று செலவை வெட்டினால் நிலைமை மோசமாகவும் வாய்ப்பு உண்டு.

கடனை அடைக்காமலே சுமை குறையுமா?

குறையும். நாட்டின் ஜி.டி.பி. 100 ரூபாய், கடன் 56 ரூபாய் என்று வைப்போம். மத்திய அரசின் இன்றைய நிலை கிட்டத்தட்ட இதுதான். இந்த ஆண்டு 4.40 ரூபாய் பற்றாக்குறை. கடன் 60.40 ஆகிறது. அதே ஆண்டில் ஜி.டி.பி., விலைவாசி உயர்வையும் சேர்த்து, 10 சதவீதம் வளர்ந்து 110 ஆகிறது. இப்போது 110இல் 60.40 என்பது 55 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு பைசாகூட அடைக்கவில்லை, புதிதாகவும் வாங்கியிருக்கிறோம். ஆனாலும் சுமை 56இலிருந்து 55க்கு இறங்கிவிட்டது.

வளர்ச்சி 5 சதவீதமாகச் சரிந்தால்? 105இல் 60.40 என்பது 57.5 சதவீதம். அதே பற்றாக்குறை, ஆனால் சுமை ஏறுகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஜி.டி.பி.யில் 200 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. அவர்கள் அதை முழுவதும் அடைத்துத் தீர்க்கவில்லை. வளர்ச்சியும் பணவீக்கமுமாகச் சேர்ந்து, சில பத்தாண்டுகளில் அதன் பங்கைப் பெரிதும் குறைத்துவிட்டன. பணவீக்கம் என்பது பொதுவாக எல்லா விலைகளும் ஏறி, கையில் உள்ள பணத்தின் மதிப்புக் குறைவது. கடன் வாங்கியவருக்கு அது லாபம், சேமித்தவருக்கு நஷ்டம்.

நோட்டு அடித்தால் என்ன?

இந்தியா இதைச் செய்து பார்த்திருக்கிறது. பல பத்தாண்டுகள், அரசுக்குப் பணம் போதவில்லை என்றால் ‘அட்ஹாக் கருவூல உண்டியல்’ என்ற சீட்டை ரிசர்வ் வங்கியிடம் கொடுக்கும், ரிசர்வ் வங்கி புதிய பணத்தை உருவாக்கிக் கொடுக்கும். மறுப்பதற்கு ரிசர்வ் வங்கிக்கு வழி இல்லை. 1994இல் இரு தரப்பும் ஓர் ஒப்பந்தம் போட்டு, 1997இல் இதை முற்றிலும் நிறுத்தின. 2003இல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டத்தின்படி, 2006இலிருந்து அரசின் பத்திரங்களை ரிசர்வ் வங்கி அரசிடமிருந்து நேரடியாக வாங்குவதற்கும் தடை வந்தது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? புதிய நோட்டு வந்தால் புதிய நெல் விளையாது. நாட்டில் ஆள்களும் இயந்திரங்களும் வேலையில்லாமல் கிடந்தால், கூடுதல் பணம் அவர்களை வேலைக்கு இழுக்கும், விலையும் பெரிதாக ஏறாது. எல்லோரும் ஏற்கெனவே முழு வேலையில் இருந்தால், அதே அரிசிக்கும் சிமென்ட்டுக்கும் கூடுதல் பணம் போட்டி போடும், விலை ஏறும். ஆக, சொந்தப் பணம் உள்ள அரசுக்கும் எல்லை உண்டு. அது காகிதத்தின் எல்லை இல்லை, நாட்டின் உற்பத்தி எல்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. நம்மால் ரூபாய் அடிக்க முடியும், டாலர் அடிக்க முடியாது.

இலங்கையில் நடந்தது

இந்த இரண்டாவது எல்லையில் மோதினால் என்ன ஆகும் என்பதை 2022இல் இலங்கை மக்கள் அனுபவித்தார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது முக்கியம். ஏனென்றால் ‘இந்தியாவும் இலங்கை ஆகிவிடும்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அங்கே என்ன நடந்தது என்று சொல்வதே இல்லை.

2007இலிருந்து இலங்கை அரசு சர்வதேசச் சந்தையில் டாலர் பத்திரங்களை விற்கத் தொடங்கியது. உலக வங்கி போன்றவை கொடுக்கும் சலுகைக் கடன் போல் இல்லாமல், இதில் வட்டி அதிகம், தவணை குறைவு. 2019 இறுதியில் அரசுக் கடனில் கிட்டத்தட்டப் பாதி வெளிநாட்டுக் கடன். அதே சமயம் புதிதாக வந்த அரசு வரிகளைப் பெருமளவு குறைத்தது. 15 சதவீதமாக இருந்த மதிப்புக் கூட்டு வரி 8 சதவீதமானது. ஜி.டி.பி.யில் வரி வருவாய் 8 சதவீதம் அளவுக்குச் சரிந்தது. உலகத்திலேயே மிகக் குறைந்த அளவுகளில் அதுவும் ஒன்று.

அடுத்து கொரோனா. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பில் அடிவாங்கியிருந்த சுற்றுலா அடியோடு நின்றது. டாலர் வரும் வழி அடைபட்டது. கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்கு மதிப்பெண் போடும் தரநிர்ணய நிறுவனங்கள் இலங்கையின் மதிப்பைக் குறைத்ததும், பழைய டாலர் கடனை அடைக்கப் புதிய டாலர் கடன் வாங்கும் வழியும் மூடியது. கையிருப்பிலிருந்து எடுத்துக் கட்டினார்கள். 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பில், 2022 வசந்த காலத்தில் பயன்படுத்தத் தக்கதாக 5 கோடி டாலர்கூட மிஞ்சவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்பு என்பது இறக்குமதிக்கும் வெளிக்கடனுக்கும் நாடு சேர்த்து வைக்கும் வெளிநாட்டுப் பணம்.

பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகளைத் தள்ளிவைத்தார்கள், வினாத்தாள் அச்சடிக்கக் காகிதமும் மையும் இறக்குமதி செய்ய டாலர் இல்லை. ஏப்ரல் 12ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பின் இலங்கை கடன் கட்டத் தவறியது அதுவே முதல் முறை. 200 ரூபாய்ப் பக்கத்தில் இருந்த டாலர் 360 வரை போனது. உள்நாட்டில் துண்டு விழுந்ததை மத்திய வங்கி பணம் உருவாக்கி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

கவனியுங்கள். பற்றாக்குறை இதில் ஒரு பங்குதான். டாலரில் கடன், டாலர் வருமானம் நின்றது, வரி வருவாயைத் தாங்களே விட்டுக்கொடுத்தது, மத்திய வங்கிப் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்தன. 1991இல் இந்தியாவும் இதே பள்ளத்தின் விளிம்பில் நின்றது. மத்திய அரசின் பற்றாக்குறை ஜி.டி.பி.யில் 8 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆனால் கழுத்தைப் பிடித்தது டாலர் தட்டுப்பாடு. கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கு மட்டுமே போதும் என்ற நிலையில், சுமார் 47 டன் தங்கத்தை பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் ஜப்பான் மத்திய வங்கியிடமும் அடகு வைத்துத்தான் மீண்டோம்.

எதிர்ப்பக்கத்தில் ஜப்பான். அங்கே அரசுக் கடன் ஜி.டி.பி.யைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். கடன் முழுவதும் சொந்தப் பணமான யென்னில், பெரும்பாலும் உள்நாட்டில். அதில் பாதியளவு அவர்களது மத்திய வங்கியிடமே இருக்கிறது. திவாலாகும் என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள், ஆகவில்லை. ஆனால் அதை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. பல ஆண்டுகள் பூஜ்யத்தை ஒட்டியே இருந்த வட்டி அங்கே இப்போது ஏறத் தொடங்கியிருக்கிறது. அவ்வளவு பெரிய கடனுக்குச் சிறு வட்டி உயர்வும் பெரிய செலவு.

சுருக்கமாக: எந்தப் பணத்தில் கடன், யாரிடம் கடன் என்பவைதான் முதல் கேள்விகள். எத்தனை சதவீதம் என்பது அப்புறம்.

சரி, இந்தியாவுக்கு இது அவசரப் பிரச்சினையா?

திவால் என்ற பொருளில் இல்லை. கடன் ரூபாயில் இருக்கிறது, பற்றாக்குறை விகிதம் 2020-21க்குப் பிறகு இறங்கி வருகிறது, வளர்ச்சி இருக்கிறது.

ஆனால் 15.69 லட்சம் கோடியை விட எனக்குப் பெரிய கவலை தருவது இன்னொரு எண். அது வட்டி. 2025-26இல் மத்திய அரசு கட்ட வேண்டிய வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. கடன் அல்லாத வரவான 34.96 லட்சம் கோடியோடு ஒப்பிட்டால், வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 36 ரூபாய்க்கு மேல் பழைய கடனின் வட்டிக்கே போகிறது. பள்ளிக்கும் ரேஷனுக்கும் ராணுவத்துக்கும் எடுக்கும் முன்பே போய்விடும் பணம் இது.

பற்றாக்குறையிலிருந்து வட்டியைக் கழித்தால் மிஞ்சுவதை முதன்மைப் பற்றாக்குறை என்கிறார்கள். அது 2.93 லட்சம் கோடி, ஜி.டி.பி.யில் வெறும் 0.8 சதவீதம். அதாவது இன்றைய அரசு இன்றைய தேவைகளுக்காகக் கூடுதலாகச் செலவழிப்பது அதிகம் இல்லை. பெரும்பகுதி, பழைய கடனுக்கு வட்டி கட்டவே புதிய கடன். வெளியே தெரியாமல் ஆண்டுதோறும் நடக்கும் இழப்பு இதுதான்.

அடுத்து, வாங்கிய பணம் எங்கே போகிறது? வீடு கட்ட வாங்கிய கடனும் மளிகைக்கு வாங்கிய கடனும் ஒன்று இல்லை அல்லவா, அதுபோல. சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாமல் விழும் துண்டு, வருவாய்ப் பற்றாக்குறை. 2025-26இல் அது 5.24 லட்சம் கோடி. வாங்கும் கடனில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம், சாலை, ரயில் பாதை போன்ற மூலதனச் செலவுக்குப் போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்குப் புத்தகம் ஆசிரியர் சம்பளத்தையும் சத்துணவு முட்டையையும் ‘வருவாய்ச் செலவு’ என்றுதான் எழுதும். ஆளில்லாத இடத்தில் கட்டிய மேம்பாலத்தை ‘மூலதனம்’ என்று எழுதும். முட்டை சாப்பிட்டு வளர்ந்து படித்த குழந்தை நாளை சம்பாதிப்பது எந்த ஏட்டிலும் வராது. அதனால் வருவாய்ச் செலவு எல்லாம் வீண் என்று பேசுபவர்களை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொரு பக்கம், பட்ஜெட்டில் காட்டாத கடனும் உண்டு. உணவு மானியத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல், இந்திய உணவுக் கழகத்தையே சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்தார்கள், பல ஆண்டுகளாக. பற்றாக்குறை அழகாகக் குறைந்து தெரிந்தது. 2021 பட்ஜெட்டில்தான் இதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். பற்றாக்குறை சதவீதத்தை மட்டும் வைத்து அரசுகளுக்கு மதிப்பெண் போட்டால், அவை செலவைக் குறைக்காமல் மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

மாநிலங்கள்

தமிழ்நாடு போன்ற மாநில அரசுகளுக்கு நோட்டு அடிக்கும் மத்திய வங்கி இல்லை. மத்திய அரசுக்குப் பாக்கி இருக்கும் வரை, புதிதாகக் கடன் வாங்க அதன் ஒப்புதலும் வேண்டும். அந்த வகையில் மாநிலம், மத்திய அரசைவிடக் குடும்பத்துக்கு நெருக்கம்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய்க் கடன் இருப்பதாக ஒரு கணக்கு வந்தது. அந்த எண் எல்லோர் மனதிலும் நின்றது. பலர் அதைத் தாங்கள் கட்ட வேண்டிய தொகை என்றே எடுத்துக்கொண்டார்கள். யாரும் வீட்டுக்கு வந்து அதை வசூலிக்கப் போவதில்லை. அரசின் சாலை, அணை, நிலம், வரி போடும் அதிகாரம் ஆகியவற்றைத் தலைக்குத் தலை வகுத்து எதிர்ப்பக்கத்தில் எழுதினால்தானே அது முழுக் கணக்கு ஆகும்? அறிக்கையில் உண்மையாகக் கவனிக்க வேண்டியிருந்தது, 2013க்கு முன்பு பல ஆண்டுகள் வருவாய் உபரியாக இருந்த மாநிலம் தொடர்ந்து வருவாய்ப் பற்றாக்குறைக்குள் போனதும், வரி வசூல் மாநிலத்தின் உற்பத்தியோடு சேர்ந்து வளராததும்தான்.

மத்திய அரசும் இப்போது அளவுகோலை மாற்றுகிறது. 2026-27 முதல், ஆண்டுப் பற்றாக்குறைக்குப் பதிலாகக் கடன் விகிதத்தை முதன்மை இலக்காக வைத்து, 2031 மார்ச்சுக்குள் மத்திய அரசின் கடனை ஜி.டி.பி.யில் 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறது. மேலே பார்த்த 100, 110 கணக்கின்படி, வளர்ச்சி 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இது எட்டக்கூடியதுதான். வளர்ச்சி சரிந்தால், இலக்கை எட்டுவதற்காக எதை வெட்டுவார்கள், யாருக்குக் கூடுதல் வரி போடுவார்கள் என்பதை அந்தந்த ஆண்டு பட்ஜெட்டில் தேடிப் பார்க்க வேண்டும்.